மூன்றடிக்கு மேலே பலகை

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் மொத்தம் பத்தொன்பது பேர்.

தர்மலிங்கம் வாத்தியார் கரும்பலகைக்குப் பக்கத்தில், நாற்காலியில். அவருக்கு எதிரே தரையில், பாயில், முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்புமாக எட்டுப் பிள்ளைகள். அந்த எட்டுப் பேரில் கடைசி ஆள் பாப்பம்மா. அவளுக்குப் பக்கத்தில் முக்காலி மேல் தண்ணீர்ப் பானை. நடுவில் இரண்டு பெஞ்சுகளில் மூன்றாம் வகுப்பு ஆறு பேர். கடைசி பெஞ்சில் நாலாம் வகுப்பு இரண்டு பேர், ஐந்தாம் வகுப்பு இரண்டு பேர். ஐந்தாம் வகுப்பு என்றால் குணவதியும் அழகேசனும்தான். மூன்றாவதாகக் கமருன்னிசா என்று ஒருத்தி உண்டு. அன்று அவளுக்குக் காய்ச்சல். வரவில்லை.

யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது இவ்வளவு சரியாகத் தெரிகிறது என்றால் அதற்குக் காரணம் குணவதி. வயது பதினொன்று. தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் யாருக்காவது ஊருக்குக் கடிதம் போட வேண்டுமென்றால் அவளைத்தான் தேடி வருவார்கள். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஆனால் அவளிடம் வந்தவர்கள் சும்மா தப்ப முடியாது.

"மாட்டுக்கு உடம்பு சரியில்லைன்னு எழுதும்மா" என்றால், "எந்த மாடு? என்னைக்கிலேருந்து? புல்லு திங்குதா?" என்று கேட்பாள்.

"கடுதாசி எழுதச் சொன்னா போலீசு கேசு எழுதுறாளே இவ!" என்று அவளுடைய அம்மா பிச்சையம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள்.

பள்ளிக்கூடம் ஒரே ஓர் அறை. பாடாங் செராய் பட்டணத்திலிருந்து நாலு மைல். மேலே தகரக் கூரை. மூன்று பக்கம் பலகைச் சுவர். காட்டைப் பார்த்த நாலாவது பக்கத்தில் மட்டும் செங்கல் சுவர். எட்டடி உயரம்.

அந்தச் செங்கல் சுவர் போன வருஷம்தான் வந்தது. அது மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் ஆயுதத்தோடு ஒளிந்திருந்தவர்களுக்கும் பட்டாளத்துக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. தோட்டத்து வீடுகளையெல்லாம் பிரித்து ஒரே இடத்தில் நெருக்கமாகக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வேலிக்கு ஒரே ஒரு கதவு. கதவில் துப்பாக்கியோடு ஸ்பெஷல் போலீஸ் மணியம்.

பலகையைத் துப்பாக்கிக் குண்டு துளைத்துவிடும். செங்கல்லைத் துளைக்காது. அதனால் அந்தப் பக்கத்துப் பலகைகளைக் கழற்றிவிட்டு, கூரையைத் தாங்கிய மரத்தூண்களுக்கு நடுவே செங்கல்லை அடுக்கிப் பூசிவிட்டார்கள்.

மணியம் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சியும் சொல்லிக் கொடுத்திருந்தார். வெடிச்சத்தம் கேட்டால் எல்லோரும் செங்கல் சுவருக்கு ஓட வேண்டும். சுவரின் அடியில் சாக்குக்கட்டியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்தொன்பது எண்கள். அவரவர் எண்ணுக்கு நேரே குப்புறப் படுக்க வேண்டும். பயம் வராமல் இருக்க, எல்லோரும் சேர்ந்து சத்தமாக நூறுவரை எண்ண வேண்டும்.

பாப்பம்மாவின் எண் ஆறு.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் குணவதி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மைக்கூட்டில் இருந்த மை ஒரு பக்கமாகச் சாய்வது போல இருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். மை மறுபக்கம் சாய்ந்தது.

நிமிர்ந்தாள். ஆணியில் தொங்கிய மலாயா வரைபடம் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. காற்றும் இல்லை. பெஞ்சு, ஆற்றில் மிதக்கும் படகு போல அவளை மெல்லத் தூக்கி இறக்கியது. பிறகுதான் கூரைத் தகரம் கடகடவென்று அடித்துக்கொண்டது.

"பீரங்கி! படுங்க, படுங்க!" என்று வாத்தியார் கத்தினார்.

பிள்ளைகள் செங்கல் சுவருக்கு ஓடினார்கள். விழுந்து படுத்தார்கள். எண்ணத் தொடங்கினார்கள். "ஒண்ணு! ரெண்டு! மூணு!"

குணவதியும் தன் எண்ணுக்கு நேரே படுத்துத் தலையைத் திருப்பிப் பார்த்தாள். பாப்பம்மா மட்டும் வரவில்லை. பானைக்குப் பொறுப்பு அவள். பானை முக்காலி மேல் தள்ளாடியது. பாப்பம்மா அதை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் தளும்பி அவள் சட்டையெல்லாம் ஈரம்.

"பாப்பம்மா! விட்டுட்டு வா!"

"உடைஞ்சிரும்க்கா!"

முப்பத்தொன்பது, நாற்பது என்று எண்ணும்போது சுவரின் உச்சியிலிருந்து இரண்டு செங்கற்கள் விழுந்தன. தொப், தொப். தூசி பறந்தது. அறுபத்திரண்டில் எல்லாம் அடங்கிவிட்டது. ஆனாலும் பயிற்சி பயிற்சிதானே. நூறுவரை எண்ணி முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

செங்கல் விழுந்த இடத்தைக் குணவதி பார்த்தாள். சுவரின் அடியில் சாக்குக்கட்டியால் ஆறு என்று எழுதியிருந்தது.

*

மணியம் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா? ஒரு வாரமா பட்டாளம் சிடாம் கிரி பக்கம் பீரங்கி போடுறாங்க. இன்னைக்குக் கொஞ்சம் கிட்டக்க விழுந்திருக்கும். பயப்பட ஒண்ணுமில்லலா. என் பயிற்சிப்படி படுத்தீங்கல்ல? பலே!"

"பாப்பம்மா படுக்கல அண்ணே. பானையைக் கட்டிக்கிட்டு நின்னா" என்றான் அழகேசன்.

மணியத்தின் முகம் மாறியது. "ஏம்மா, பானை பெரிசா, உசுரு பெரிசா? திங்கக்கிழமை மறுபடியும் பயிற்சி இருக்கு. அன்னைக்கு நீதான் முதல் ஆளா ஓடியாந்து ஆறாம் நம்பர்ல படுக்கணும். தெரிஞ்சுதா?"

பாப்பம்மா ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே தலையாட்டினாள். அவள் கண் அந்தச் செங்கற்கள் மேலேயே இருந்தது.

சுவரில் மேலிருந்து பாதிவரை ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. மத்தியானம் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி வந்து பார்த்தார். "பீரங்கி அதிர்ச்சிதான். திங்கக்கிழமை கொத்தனாரை அனுப்பிச் சிமெண்டு பூசிடறேன். பூசினா வெடிப்பே தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பள்ளி விட்டதும் பாப்பம்மா குணவதியின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, திங்கக்கிழமை நான் ஆறுல படுத்தே ஆகணுமா?"

குணவதி யோசித்தாள். சொன்னபடி கேட்டிருந்தால் அந்தச் செங்கல் பாப்பம்மாவின் முதுகில் விழுந்திருக்கும். சொன்னபடி கேட்காததால் தப்பித்தாள், திட்டும் வாங்கினாள். இது எப்படிச் சரியாகும்?

"நீ போ. நான் பார்க்கிறேன்" என்றாள்.

இன்னொரு விஷயமும் அவளை அரித்தது. ஒரு வாரமாகப் பீரங்கிச் சத்தம் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. முதலில் 'டும்' என்று வரும். பிறகு தகரம் ஒரே ஒரு தடவை சிலிர்க்கும். அவ்வளவுதான். இன்றைக்கு அந்த 'டும்' எங்கே?

அவள் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று படம் போட்டாள். பிறகு ஒவ்வொருவராகப் பிடித்து ஒரே கேள்வியைக் கேட்டாள். "முதல்ல என்ன?"

"தண்ணி ஆடுச்சுக்கா" என்றாள் பாப்பம்மா.

"தலை சுத்துச்சு. பசின்னு நெனச்சேன்" என்றான் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன்.

"நாற்காலி நகர்ந்த மாதிரி இருந்தது" என்றார் வாத்தியார். "தகரம் அடிச்ச பிறகுதான் பீரங்கின்னு நினைச்சேன்."

"நான் கேட்டேனே! டமார்னு ஒரு சத்தம்!" என்றான் அழகேசன்.

"டமார்னு கேட்டப்ப நீ என்ன எழுதிக்கிட்டு இருந்தே?"

"வந்து... கணக்கு."

"எத்தனாவது கணக்கு?"

அழகேசன் தலையைச் சொறிந்தான். "சரி சரி. கொஞ்சம் கண்ணசந்துட்டேன். தலை பெஞ்சுல இடிச்சிச்சு. அதுதான் டமார். சாருகிட்ட சொல்லிராத!"

அழகேசனின் பெயருக்கு நேரே 'தூக்கம்' என்று எழுதினாள் குணவதி.

*

கமருன்னிசாவின் அப்பா மீரா சாகிபுவின் மளிகைக் கடை, வேலிக் கதவுக்கு உள்ளேயே, பாதை ஓரத்தில் இருந்தது. கமருன்னிசா கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள்.

"காய்ச்சல் எப்படி இருக்கு?"

"காய்ச்சல் போயிருச்சு. அத்தா குடுத்த கஷாயம்தான் போக மாட்டேங்குது."

குணவதி பீரங்கி விஷயத்தைச் சொன்னாள். கமருன்னிசா கேட்டுக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"எத்தனை மணிக்கு?"

"பத்து."

"பத்து மணிக்கா? பீரங்கிக்காரங்க மூணு பேரும் பத்து மணிக்கு இங்கதானே நின்னு கலர் குடிச்சுக்கிட்டு இருந்தாங்க! லாரி டயரு பஞ்சராம். இருக்கிற ஒரே பீரங்கியையும் பின்னாடியே இழுத்துட்டு வந்து பாதையில நிறுத்தியிருந்தாங்க. அவங்க இங்க இருக்கப்ப அங்க யாரு சுட்டா? பேயா?"

"நிஜமாவா?"

"அத்தாகிட்ட கேளு!"

மீரா சாகிபு தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஆமாம்மா. நான் பருப்பு நிறுத்துக்கிட்டு இருந்தேன். தராசு தானா ஆடுச்சு. நான் அள்ளிப் போட்டதுக்கு ஆடுதுன்னு நெனச்சு ரெண்டு தடவை நிறுத்தேன். பட்டாளத்துக்காரன் ஒருத்தன் போத்தலைப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ரெண்டு பேருக்கும் ஒண்ணும் புரியல."

"கடையில ஏதாவது விழுந்துச்சா மாமா?"

"ஒண்ணும் விழல. பலகை கிரீச் கிரீச்சுன்னு சத்தம் போட்டுச்சு. அவ்வளவுதான்."

குணவதி கடையை ஒரு சுற்றுப் பார்த்தாள். தினமும் வந்து போகும் கடைதான். இப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பது போல இருந்தது. தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குச் செங்கல். அதற்கு மேலே, கூரைவரை, பலகை. பட்டணத்தில் பாதிக் கடைகள் இப்படித்தான் இருக்கும்.

மறுநாள் மத்தியானம் கமருன்னிசா பத்திரிகையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே ஓடி வந்தாள். உள்பக்கத்தில் நாலே வரி. சுமத்திராவின் வடக்கே வியாழக்கிழமை காலை பூகம்பம். கடல் தாண்டிப் பினாங்கிலும் கெடாவிலும் சில இடங்களில் அதிர்வு உணரப்பட்டது.

வாத்தியார் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் படித்தார்.

"சார், அது திரும்பவும் வருமா?" என்று கேட்டாள் குணவதி.

"எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. வராமலே கூட இருக்கலாம்."

"ஆனா சுமத்ரா இடம் மாறப் போறதில்லையே சார்."

வாத்தியார் செங்கல் சுவரைப் பார்த்தார். எழுந்துபோய்ப் பாயைச் சுருட்டி, சின்னப் பிள்ளைகளை எதிர்ப்பக்கம், பலகைச் சுவர் ஓரமாக உட்கார வைத்தார்.

*

மணியத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்ப நான் சொல்லிக் குடுத்தது தப்புங்கிறியா? ஒரு வருஷமா நம்பர் போட்டு, விசில் அடிச்சு, தொண்டை கட்டிப் போச்சு எனக்கு!"

"துப்பாக்கிக்கு அது சரி அண்ணே. பூமி ஆடுறதுக்குத்தான் தப்பு."

"பலகைப் பக்கம் போய்ப் படுத்தா குண்டு உள்ள வரும். அது தெரியுமா உனக்கு?"

"தெரியும் அண்ணே."

"பின்னே?"

குணவதி கமருன்னிசாவைப் பார்த்தாள். கமருன்னிசா துணிப்பையிலிருந்து தீப்பெட்டிகளை எடுத்து பெஞ்சின் மேல் கொட்டினாள். புதுத் தீப்பெட்டிகள், நாற்பது.

"எண்ணித் தந்திருக்காரு அத்தா. ஒண்ணு குறைஞ்சாலும் கஷாயம் ரெண்டு வேளையாம்."

இருவரும் பெஞ்சின் மேல் தீப்பெட்டிகளை அடுக்கி ஒரு சுவர் கட்டினார்கள். ஒரு வரிசைக்கு ஐந்து. எட்டு வரிசை.

"ஒரு வரிசை ஒரு அடி" என்றாள் குணவதி. "அழகேசா, பெஞ்சை ஆட்டு. மெதுவா."

அழகேசனுக்கு இப்படி ஒரு வேலை அதுவரை யாரும் கொடுத்ததில்லை. பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான். தீப்பெட்டிகள் அறை முழுக்கச் சிதறின.

"மெதுவாடா! சுமத்ரா தூரத்துல இருக்கு!" என்று கமருன்னிசா கத்தினாள்.

மறுபடியும் அடுக்கினார்கள். அழகேசன் இந்தத் தடவை நாக்கைக் கடித்துக்கொண்டு மெல்ல ஆட்டினான். மேல் வரிசைகள் நடுங்கின, ஒதுங்கின, விழுந்தன. கீழே மூன்று வரிசை அப்படியே நின்றது. இன்னொரு தடவை. அதே மாதிரி. மூன்றாவது தடவை நாலு வரிசை நின்றது. ஒவ்வொரு தடவையும் விழுந்தது மேலேதான்.

மணியம் தொப்பியைக் கழற்றினார். பெஞ்சுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, தீப்பெட்டிச் சுவரையும் நிஜச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து, நிஜச் சுவருக்கும் தூணுக்கும் நடுவே இருந்த சந்தில் விரலை விட்டார். விரல் உள்ளே போனது.

"தூணோட சேர்த்துக் கட்டவே இல்ல" என்றார். "சும்மா அடுக்கி வச்சிருக்கான்."

"பூசினா வெடிப்புத் தெரியாது" என்றாள் குணவதி. "ஆனா அப்பவும் சும்மா அடுக்கினதுதானே அண்ணே?"

அழகேசன் மெதுவாகக் கேட்டான்.

"துப்பாக்கியும் பூகம்பமும் ஒரே நாள்ல வந்தா?"

"வாயைக் கழுவுடா!" என்றாள் கமருன்னிசா.

ஆனால் குணவதி அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டாள். செங்கல் முழுக்க இருந்தால் பூமி ஆடும்போது ஆபத்து. பலகை முழுக்க இருந்தால் குண்டு வரும்போது ஆபத்து. அவளுக்கு மீரா சாகிபுவின் கடை நினைவுக்கு வந்தது.

"மணியண்ணே, நாங்க படுத்துத்தானே இருப்போம்? படுத்தா எங்க உயரம் எவ்வளவு?"

"படுத்தா என்ன, ஒரு அடி கூட இருக்காது."

"உக்காந்தா?"

மணியம் அழகேசனைத் தரையில் உட்காரவைத்தார். பள்ளிக்கூடத்திலேயே உயரமானவன் அவன்தான். அடிக்கோலை வைத்து அளந்தார். தலை உச்சிவரை இரண்டே முக்கால் அடி.

"அப்ப செங்கல் மூணடி போதாதா? எட்டடி எதுக்கு?"

"உயரமா இருந்தா பாதுகாப்புன்னு..." என்று தொடங்கிய மணியம் நிறுத்தினார். சன்னல் வழியே வெளியே எட்டிப் பார்த்தார். பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தது. தரை சரிந்து போய் வேலி பள்ளத்தில் இருந்தது. அவர் ஒரு கண்ணை மூடி, கையைத் துப்பாக்கி போல நீட்டி, பள்ளத்திலிருந்து மேட்டுக்குக் குறிபார்த்தார். பிறகு தானே தலையாட்டிக்கொண்டார்.

"அங்கேருந்து சுட்டா குண்டு மேல் நோக்கித்தான் வரும். கீழே படுத்தவன் மேல படாது. மூணடி போதும்லா! அதுக்கு மேல பலகை."

"மூணடியையும் தூணோட சேர்த்துக் கட்டணும் அண்ணே."

"கட்டணும், கட்டணும். இரும்புப் பட்டை போட்டு ஆணி அடிக்கணும்."

"அதுவரைக்கும் பயிற்சி?"

மணியம் மீசையைத் தடவினார். "சத்தம் முதல்ல வந்தா சுவருக்கு ஓடணும். ஆட்டம் முதல்ல வந்தா சுவரை விட்டு ஓடணும், பெஞ்சுக்கு அடியில. சரியா?" பிறகு திரும்பி, "வெடிச்ச இடத்துக்கு நேரா எப்பவும் யாரும் படுக்க வேணாம். நாலுலேருந்து எட்டு வரைக்கும் நம்பரை அழிச்சிருங்க" என்றார்.

பாப்பம்மா ஓடிப்போய் ஆறாம் எண்ணைத் தன் பாவாடை ஓரத்தால் அழித்தாள். அந்த இடத்தில் துளி வெள்ளை கூட இல்லாதபடி தேய்த்தாள்.

*

ஆனால் திங்கட்கிழமை கொத்தனார் வந்து பூசிவிட்டால்? பூசிய சுவரை யாரும் பிறகு இடிக்க மாட்டார்கள். தோட்டத்துத் துரையிடம் சொல்ல வேண்டும். அவர் சுங்கைப் பட்டாணியில் இருந்தார். சனிக்கிழமை மத்தியானம் சாமான் லாரி அங்கே போகும். அதற்குள் எழுத வேண்டும்.

சனிக்கிழமை காலை குணவதி தாளும் பேனாவுமாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வாத்தியார் தயங்கினார்.

"குணா, இது கெட்ட காலம். எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டா, கூட்டம் சேர்க்கிறாங்கன்னு நினைப்பாங்க. சூசாவாயிரும், வீண் வம்பு வந்து சேரும்."

"நாம குறையே சொல்லப் போறதில்ல சார். யாரு எங்க உக்காந்திருந்தோம், என்ன பார்த்தோம்னு மட்டும் சொல்லலாம். கடைசியில ஒண்ணே ஒண்ணு கேட்கலாம்."

வாத்தியார் யோசித்தார். "சரி, எழுது. பின்பக்கம் நான் இங்கிலீஷ்ல எழுதித் தரேன்."

குணவதி எழுதினாள்.

மதிப்புக்குரிய துரை அவர்களுக்கு,

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது பேர் இருந்தோம். யார் எங்கே இருந்தோம் என்று கீழே படம் போட்டிருக்கிறேன். யாருக்கும் முதலில் சத்தம் கேட்கவில்லை. முதலில் ஆட்டம்தான் வந்தது. அறுபத்திரண்டு எண்ணும்வரை இருந்தது. அந்த நேரத்தில் பீரங்கி மீரா சாகிபு கடை வாசலில் நின்றது. சுமத்திராவில் பூகம்பம் என்று பத்திரிகையில் வந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

செங்கல் சுவரின் உச்சியிலிருந்து இரண்டு செங்கற்கள் பாப்பம்மாவின் இடத்தில் விழுந்தன. அவள் அப்போது பானையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அந்த இடத்தில் இல்லை.

சுவரைப் பூச வேண்டாம். மூன்றடிக்கு மேலே உள்ள செங்கல்லை எடுத்துவிட்டுப் பலகை போட்டால் போதும். மூன்றடியைத் தூணோடு கட்ட வேண்டும். கூரையைத் தூண்கள் தாங்குகின்றன, சுவர் தாங்கவில்லை. கழற்றிய பழைய பலகைகள் ஸ்டோரில் இருக்கின்றன. எடுத்த செங்கல்லும் தோட்டத்துக்கு மிச்சம்.

வாத்தியார் படித்துவிட்டுச் சிரித்தார். "கடைசி வரி துரைக்குப் பிடிக்கும்."

"சார், ஒரு பெரியவங்க சாட்சி வேணும். நாங்க பிள்ளைங்கன்னு தள்ளிருவாங்க."

"நான் போடறேன். ஆனா நானும் அன்னைக்குப் பீரங்கின்னுதான் கத்தினேன்..."

வாசலில் நிழல் விழுந்தது. மணியம் நின்றார். லாரிக்குக் காவலாக அன்று அவர்தான் போகப்போகிறார். கடிதத்தை வாங்கி, உதட்டை அசைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். படித்து முடித்தபின்னும் திருப்பித் தரவில்லை.

குணவதி அவர் முகத்தையே பார்த்தாள். பீரங்கி என்று மேலிடத்துக்கு முதலில் சொன்னவரே அவர்தான். இப்போது இல்லை என்று எழுதினால் மற்ற போலீஸ்காரர்கள் கேலி செய்வார்கள். கிராணியும் முகம் சுளிப்பார்.

"இதுல என் பேரு இல்லையே" என்றார் மணியம்.

"அப்ப நீங்க உள்ள இல்ல அண்ணே. கேட்டுல நின்னீங்க."

"கேட்டுல நின்னேன். எனக்கும் முதல்ல சத்தம் கேட்கல. கேட்டுக் கதவுதான் தானா ஆடுச்சு. பீரங்கி கடை முன்னால நின்னதையும் பார்த்தேன், வேற ஒண்ணு புதுசா வந்திருக்கும்னு நெனச்சுட்டேன்." அவர் மீசையைத் தடவினார். "அதை நான் யாருகிட்டயும் சொல்லல. பேனாவைக் குடு."

கடைசி வரிக்குக் கீழே பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். பீரங்கி என்று சொன்னது நான். அது பீரங்கி இல்லை. மூன்றடி போதும் என்று நானே அளந்து பார்த்தேன். கையெழுத்துப் போட்டு, போலீஸ் நம்பரையும் சேர்த்தார். வாத்தியார் பின்பக்கம் எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதித் தானும் கையெழுத்துப் போட்டார்.

கமருன்னிசா மரவள்ளிமாவுப் பசையைச் சிரட்டையில் கொண்டுவந்தாள். பத்திரிகைப் பக்கத்தை மடித்து உறைக்குள் வைத்தார்கள். பாப்பம்மா விரலால் பசையைத் தடவினாள். உறையில் கொஞ்சம், மூக்கில் கொஞ்சம்.

வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"சீக்கிரம்லா!" என்றார் மணியம்.

"ஈரமா இருக்கு அண்ணே. வழியில திறந்துக்கும்" என்றாள் குணவதி. உறையின் வாயை மடித்து, பெருவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழுத்தினாள். பிறகு பெஞ்சின் மேல் வைத்து, அதன் மேல் அழகேசனை உட்காரச் சொன்னாள். அவன் இருபதுவரை எண்ணிவிட்டு எழுந்தான்.

மணியம் உறையை எடுத்து முனையைச் சுரண்டிப் பார்த்தார். ஒட்டியிருந்தது. சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். லாரியில் ஏறினார். வேலிக் கதவு திறந்தது. லாரி செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சுங்கைப் பட்டாணிப் பாதையில் திரும்பியது.